கட்டுரைக்கு முன் கேள்வி

(வெள்ளி விழா மாணவர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

ஆய்வுக் கட்டுரை எழுதுவது பற்றிப் பேசும்படி என்னைப் பணித்துள்ளார்கள். நான் வரலாறு படித்தவன். கணிதம் என் பாடமன்று. ஆயினும், நம் கழகத்தின் உதவி பெற்றுக் கணிதம் பயிலும் கல்லூரி மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு தம் கட்டுரையுடன் என்னிடம் வந்தார். அந்நிகழ்ச்சியைக் கொண்டே நான் கூற வந்ததை விளக்குகிறேன்.

'உகப்பாக்க அல்காரிதங்கள்' என்பது அவருடைய தலைப்பு. பல வழிகளுள் செலவு மிகக் குறைந்ததையோ பயன் மிகுந்ததையோ கண்டறிவது உகப்பாக்கம். அதற்கெனப் படிப்படியாக வகுத்த கணக்கு முறையே அல்காரிதம். 1947இல் அமெரிக்கர் டான்ட்சிக் வகுத்த சிம்ப்ளெக்ஸ் முறை, 1984இல் நம் நாட்டவரான நரேந்திர கார்மார்க்கர் வெளியிட்ட முறை என யாவற்றையும் பத்துப் பக்கங்களில் நிரப்பியிருந்தார். எழுதியவை அனைத்தும் உண்மையே.

"தம்பி, இதில் உன்னுடைய கேள்வி எது?" என்றேன். அவர் தலை குனிந்தார்.

அவரை நான் குறை கூறவில்லை. வகுப்பில் கேள்வி கேட்டால் அடங்காதவன் என்று பெயர் வாங்கிய தலைமுறையின் பிள்ளைகள் நாம். பிறர் சொன்னதைப் பிழையின்றித் திருப்பி எழுதுவதே படிப்பு என்று பழகிவிட்டோம்.

மறுவாரம் அவர் ஒரு கேள்வியுடன் வந்தார். "எந்த அல்காரிதம் மிகச் சிறந்தது, ஐயா?" என்பது அது. இதற்கு விடை இல்லை. எல்லா வகைக் கணக்குகளையும் ஒருங்கே வைத்துச் சராசரி கண்டால் எந்த முறையும் மற்றொன்றைவிடச் சிறந்ததன்று என்று வோல்பர்ட், மக்ரெடி என்னும் இருவர் 1997இல் நிறுவியுள்ளனர். எந்தக் கணக்கிற்கு, எந்த அளவுகோலால் என்று சொன்னால்தான் கேள்வி உருப்பெறும்.

மூன்றாம் முறை அவர் கொணர்ந்த கேள்வி நல்ல கேள்வி. பத்து ஊர்களுக்கு ஒருமுறை சென்று புறப்பட்ட இடத்திற்கே திரும்ப வேண்டும். 'அடுத்து அருகிலுள்ள ஊருக்கே செல்' என்னும் எளிய முறையால் கிடைக்கும் வழி, உண்மையில் மிகக் குறுகிய வழியைவிட எவ்வளவு நீளம்? ஊர்களுக்கிடையே உள்ள 45 தூரங்களைக் குறித்துக்கொண்டால் போதும். சுற்றிவரும் வழிகள் 1,81,440. கணினி கொண்டு அனைத்தையும் சரிபார்த்துவிடலாம். கேள்வி சிறியது, தரவு கைக்கெட்டியது, விடை முன்பே தெரியாதது. கட்டுரைக்கேற்ற கேள்வியின் இலக்கணம் இம்மூன்றும் ஆகும்.

அதனையே எழுதியிருந்தாலும் குறையில்லை. ஆயினும் நான் மேலும் ஒன்று கேட்டேன். "சிறந்தது என்கிறாயே, யாருக்குச் சிறந்தது?"

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஊர்த்தெருவில் 30 வீடுகள். ஒரு கிலோமீட்டர் தள்ளிக் காலனியில் 10 வீடுகள். குடிநீர்க் குழாய் ஒன்றே ஒன்றுதான் அமைக்க முடியும். எல்லாருடைய நடையையும் கூட்டி, அக்கூட்டுத்தொகை குறையவேண்டும் என்று கணக்கிட்டால் குழாய் ஊர்த்தெருவுக்கே செல்லும். அங்கே வைத்தால் மொத்த நடை 10 கிலோமீட்டர். நடுவழியில் வைத்தால் 20. காலனியில் வைத்தால் 30. கணக்கில் பிழை இல்லை. சாதியின் பெயரும் அதில் எங்குமில்லை. ஆயினும் காலனிப் பெண்கள் மட்டுமே நாள்தோறும் குடத்துடன் ஒரு கிலோமீட்டர் நடப்பார்கள்.

மிகத் தொலைவில் உள்ளவரின் நடை குறையவேண்டும் என்று கேள்வியை மாற்றினால், அதே கணக்கு குழாயை நடுவழியில் வைக்கும். எவரும் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்கவேண்டியதில்லை. இவ்விரு அளவுகோல்களையும் ஹக்கீமி என்னும் அறிஞர் 1964இலேயே கணித முறைப்படி ஆராய்ந்திருக்கிறார்.

அளவுகோலில் விட்டுப்போனது விடையிலும் விட்டுப்போகும். 1945இல் ஸ்டிக்ளர் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர், ஒருவருக்கு வேண்டிய சத்துகளை மிகக் குறைந்த செலவில் பெறுவது எப்படி என்று ஆராய்ந்தார். உணவுப் பொருள்கள் 77, சத்துகள் 9. 1939ஆம் ஆண்டு விலைப்படி ஆண்டுக்கு 39.93 டாலர் போதும் என்று கண்டார். பின்னர் சிம்ப்ளெக்ஸ் முறையால் ஒன்பது எழுத்தர்கள் அமர்ந்து கணக்கிட்டபோது 39.69 டாலர் என வந்தது. மிக நுட்பமான கணக்கு. ஆனால் கோதுமை மாவும் முட்டைக்கோசும் காய்ந்த அவரை வகையுமாக வந்த அவ்வுணவை ஆண்டு முழுவதும் உண்பார் யார்? சுவை கேள்வியில் இல்லை. ஆகவே விடையிலும் இல்லை.

கேள்வியைத் திருத்துவதில் நமக்கு முன்னோடி அண்ணல் அம்பேத்கரே. இந்தியாவின் சிறு நிலவுடைமைகளைப் பற்றி 1918இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். துண்டு நிலங்களை ஒன்றிணைத்துப் பெரிதாக்குவது எப்படி என்று அந்நாளைய அறிஞர்கள் கேட்டுக்கொண்டிருந்தனர். நிலத்தின் பரப்பை மட்டும் அளந்து சிறிது, பெரிது என்று கூறலாகுமா என்று அவர் கேட்டார். ஏர், மாடு, முதல், உழைப்பு ஆகியவற்றோடு நிலம் எவ்விகிதத்தில் உள்ளது என்பதே அளவுகோல் என்றார். நிலத்தை நம்பியிருப்போர் தொகை மிகுந்துவிட்டதே நோய் என்றும், தொழில் வளர்ச்சியே அதற்கு மருந்து என்றும் முடித்தார். கேள்வி மாறியதும் தீர்வு வயற்காட்டிலிருந்து தொழிற்சாலைக்குச் சென்றதைக் காண்க.

நம் மாணவர் இறுதியில் எழுதிய கேள்வி இதுதான்: 'மிகத் தொலைவில் உள்ளவரின் நடையைக் குறைத்தால் மொத்த நடை எவ்வளவு கூடுகிறது?' மேற்சொன்ன எடுத்துக்காட்டில் அது இரு மடங்காகிறது. இது நம் வாதத்திற்கு வசதியான எண்ணன்று. அதனை மறைக்காமல் எழுதும்படி கூறினேன். விடையை முன்பே எழுதிவைத்துக்கொண்டு கேள்வி கேட்பவன் ஆய்வாளன் ஆகான். உண்மையான எண்ணை முன்வைத்து, 'இந்தக் கூடுதல் நடையை ஊரார் பகிர்ந்துகொள்வது நியாயமா, அன்றிப் பத்து வீட்டாரே முழுதும் சுமப்பது நியாயமா?' என்று கேட்பவன் சொல்லை எளிதில் தள்ளிவிட முடியாது.

மாணவச் செல்வங்களே! குழாய் எங்கே, பேருந்து நிறுத்தம் எங்கே, பள்ளி எங்கே என்பவற்றை இனிக் கணினிகள் கணக்கிட்டுச் சொல்லும் இடங்கள் பெருகும். அக்கணக்குகளைப் போடத் தெரிந்தவர்கள் நம் தெருக்களிலிருந்து வரவேண்டும். எதனை அளப்பது என்று முடிவு செய்யும் மேசையிலும் அவர்கள் அமரவேண்டும். அதற்கான பயிற்சி கல்லூரியில் நீங்கள் எழுதும் முதற் கட்டுரையிலேயே தொடங்குகிறது. எழுதுகோலை எடுக்குமுன் உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி எதிரே ஒட்டிவையுங்கள். ஒரு வாக்கியத்தில் அடங்கவில்லையெனில் கேள்வி இன்னும் பிறக்கவில்லை என்று கொள்ளுங்கள்.