நான் இரண்டு பக்கமும் பேசிய கதை

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



"துறைமுகத்துல முப்பது வருசம் இருந்திருக்கிய, கப்பல் கதை ஏதாவது சொல்லுங்க அண்ணாச்சி" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். கப்பல் கதை இருக்கிறது. ஆனால் அது இதே ஹாலில், 1988 ஜனவரியில் நடந்த ஒரு விவாதப் போட்டியில் தொடங்குகிறது.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இந்திய அமைதி காக்கும் படை ஈழத்துக்குப் போனது. அக்டோபரில் சண்டை மூண்டது. எங்களுக்குக் கொடுத்த தலைப்பு: "அமைதி காக்கப் போன படைவீரரை அந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கலாமா?" நான் 'கூடாது' என்ற அணி. அவனவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அயல்நாட்டில் நிற்கிறான், அவன் தலைக்குமேல் அந்த ஊர் நீதிபதியையும் உட்கார வைத்தால் எந்த நாடு படை அனுப்பும் என்று கேட்டேன். தவறு செய்தால் அவன் சொந்த நாடு விசாரித்துக்கொள்ளும் என்றேன். ஏகப்பட்ட கைதட்டல்.

எதிரணி நண்பர் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியை எடுத்தார். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். அங்கே நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர் என அறுபதுக்கும் மேற்பட்டோர் இந்தியப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். "போர்க்களத்தில் தவறு நேரும்" என்று ஒரே வரியில் நான் அதைத் தாண்டிப் போனேன். அதற்கும் கை தட்டினார்கள். முதல் பரிசு ஒரு எவர்சில்வர் தட்டு.

1990 மார்ச்சில் படை திரும்பியது. அதற்குப் பிறகுதான் நான் கிளியரிங் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தேன். தாப்பாத்தி முகாமிலிருந்து கூலி வேலைக்கு வந்த ஒரு ஈழத்துக்காரர், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சுவாக்கில் சொன்னார்: "எங்கட அக்கா அந்த ஆஸ்பத்திரியிலதான் அண்ணை கிடந்தவ." நான் ஒன்றும் பேசவில்லை. அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குச் சமாளிக்க வந்திருக்கும். "யாரிட்டப் போய் முறையிடுறது எண்டுதான் இன்னும் விளங்கேல்ல" என்றார், அவ்வளவுதான். அந்தச் சம்பவத்துக்காக எந்த நாட்டு நீதிமன்றத்திலும் ஒருவர்கூட நிறுத்தப்படவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அந்தத் தட்டை எடுத்துப் பரண்மேல் போட்டேன்.

அதன்பின் அப்படியே மறுபக்கம் சாய்ந்துவிட்டேன். சீருடை போட்ட எவனுக்கும் விலக்கு கூடாது, எவனாயிருந்தாலும் உள்ளே போடு! டீக்கடையில் என் வாய்க்கு முன்னால் யாரும் நிற்க முடியாது. 2012 பிப்ரவரி 15 அன்று 'என்ரிகா லெக்சி' கப்பலில் காவலுக்கு வந்த இத்தாலியக் கடற்படையினர் இருவர், கேரளக் கரைக்கு அப்பால் மீன்பிடித்த இரண்டு பேரைக் கடற்கொள்ளையர் என்று எண்ணிச் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவரில் ஒருவர் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பையன். நம் கடற்கரையில் எல்லார் வயிறும் எரிந்தது. 'நாங்கள் அரசுப் பணியில் இருந்தவர்கள், உங்கள் கோர்ட் எங்களை விசாரிக்க முடியாது' என்பது இத்தாலியின் வாதம். அடப்பாவி, இது 1988ல் நான் பேசியதாச்சே!

அடுத்த ஆண்டு கப்பல் நம்ம ஊருக்கே வந்துவிட்டது. 2013 அக்டோபர் 12 அன்று 'சீமேன் கார்டு ஓகியோ'வைக் கடலோரக் காவல்படை பிடித்துத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க நிறுவனத்தின் கப்பல், சியரா லியோன் கொடி. உள்ளே 35 பேர், 35 துப்பாக்கிகள், ஆயிரக்கணக்கில் தோட்டாக்கள். சரக்குக் கப்பல்களுக்குச் சோமாலியக் கொள்ளையரிடமிருந்து காவல் கொடுக்கும் கூலிப் பாதுகாவலர்கள். நான் தினமும் அந்தக் கப்பலைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போவேன். வேண்டும் இவன்களுக்கு என்று நினைப்பேன்.

வழக்கு மதுரைக் கிளை, உச்ச நீதிமன்றம் என்று சுற்றி, 2016 ஜனவரியில் நம்ம ஊர் அமர்வு நீதிமன்றத்தில் ஐந்தாண்டுத் தண்டனையில் முடிந்தது. அதே ஆண்டு மே மாதம் இரண்டாவது இத்தாலியரும் ஊருக்கு விமானம் ஏறினார். முதலாமவர் ஏற்கெனவே போயாயிற்று. அந்த இரண்டு செய்தியையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு கூட்டமும் செய்தது ஒரே காவல் வேலை. இரண்டு உயிர் போனதற்குக் காரணமானவர்களுக்குப் பின்னால் ஓர் அரசாங்கம் இருந்தது. ஓர் ஆளையும் சுடாத இந்த 35 பேருக்குப் பின்னால் ஒரு கம்பெனிதான் இருந்தது. அவர்களில் 12 பேர் இந்தியர்கள். 2017 நவம்பர் 27 அன்று மதுரைக் கிளை எல்லாரையும் விடுதலை செய்தது. பிடிபட்டு நான்கு ஆண்டுக்கு மேலாகியிருந்தது. 'உள்ளே போடு' என்று டீக்கடையில் கத்தியவன் நான்தான்.

இத்தாலியர் வழக்கைச் சர்வதேச நடுவர் மன்றம் 2020ல் முடித்தது. மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், இந்திய நீதிமன்றத்திலிருந்து அவர்களுக்கு விலக்குரிமை உண்டு, இந்தியாவுக்கு இழப்பீடு உண்டு என்றது. இத்தாலி தன் நாட்டில் விசாரிப்பதாக வாக்குக் கொடுத்தது. பத்துக் கோடி ரூபாய் வந்தது, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை மூடியது. 2022 ஜனவரியில் ரோமாபுரியில், போதிய ஆதாரம் இல்லை என்று அந்த வழக்கும் மூடப்பட்டது. 'சொந்த நாடு விசாரித்துக்கொள்ளும்' என்று நான் தட்டு வாங்கிய வாதம் போய்ச் சேர்ந்த இடம் அதுதான்.

ஐ.நா. படைக்கும் இதே ஏற்பாடுதான். அனுப்பிய நாடு மட்டுமே குற்ற வழக்கு நடத்தலாம். 2007ல் ஹெய்ட்டியில் பாலியல் குற்றச்சாட்டுக்கு ஆளான இலங்கைப் படையினர் நூற்றுக்கு மேற்பட்டோரைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் ஒருவரும் சிறைக்குப் போனதாகச் செய்தி இல்லை.

இப்படி ஒருநாள் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது என் தங்கச்சி அடுப்படியிலிருந்து வந்தாள். அவள் மகன் ஐ.நா. நீலத் தொப்பியோடு தெற்கு சூடானில் இருக்கிறான். "ஏன் அண்ணே, எம் பிள்ளைய அங்கன உள்ள கோர்ட்ல நிறுத்தணும்னு சொல்லுதியளா?" என்றாள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பெற்ற வயிறு கேட்கும் கேள்விக்குப் பட்டிமன்றப் பதில் செல்லாது. கொஞ்சம் பொறுத்துச் சொன்னேன்: "இல்லம்மா. இங்கேயே நிறுத்தட்டும். ஆனா கட்டாயம் நிறுத்தணும். புகார் சொன்ன அந்த ஊர்க்காரங்களைக் கூட்டிட்டு வந்து, அவங்க முன்னால கதவைத் திறந்து வச்சு விசாரிக்கணும். அதைச் செய்ய மாட்டேங்குற நாட்டுக்கு விலக்கு கேட்க யோக்கியதை கிடையாது." அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் எனக்குக் காபி கொடுத்தாள்.

இது வெளிநாட்டு விஷயம் என்று மாணவத் தம்பிகள் நினைத்துவிடக்கூடாது. கடமையில் செய்த காரியத்துக்கு அரசு அனுமதி இல்லாமல் அரசு ஊழியர் மேல் வழக்கை நீதிமன்றம் எடுக்க முடியாது என்று நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 197ஆம் பிரிவு இருந்தது. இப்போது புதிய சட்டத்தில் 218ஆம் பிரிவு. 2018 மே மாதம் இந்த ஊரில் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை, காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்து, 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அந்த அறிக்கையைப் படிக்கும்போதெல்லாம் தாப்பாத்திக்காரர் குரல்தான் எனக்குக் கேட்கிறது.

1988ல் என்னோடு மோதிய நண்பர் அதோ மூன்றாவது வரிசையில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். பரணிலிருந்து அந்தத் தட்டை இறக்கித் துலக்கிக் கொண்டுவந்திருக்கிறேன். அண்ணாச்சி, கொஞ்சம் மேடைக்கு வாங்க.