கணக்கைக் கண்டு அஞ்ச வேண்டாம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், கல்வி உதவித்தொகை வழங்கப்பட்ட வேளையில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

இமாம் எழுந்து நின்றால் தொழுகையைப் பற்றியோ ஜகாத்தைப் பற்றியோ பேசுவார் என்றே எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நான் பேச வந்திருப்பது கல்லூரி முதலாண்டில் வைக்கப்படும் ஒரு கணிதப் பாடத்தைப் பற்றி. அதற்கு இரண்டு இளைஞர்கள் காரணம்.

பல ஆண்டுகளுக்கு முன் நம் ஜமாஅத்துப் பிள்ளை ஒருவர், கல்லூரியில் கணிதத் தாளில் இருமுறை தவறிய பின் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், எனக்கு இது வராது" என்றார். நான் சற்றும் யோசியாமல், "விடுங்கள் தம்பி, ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பினேன். ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் இருப்பது உண்மை. ஆனால் அந்த உண்மையை நான் தவறான இடத்தில் வைத்தேன். அவர் படிப்பை விட்டார். வெளிநாட்டில் ஒரு கிடங்கில் சுமை தூக்கும் வேலைக்குச் சென்றார். உழைத்து உண்பதில் இழிவு ஏதுமில்லை. எனினும் விடுமுறையில் வந்தபோது அவர் என்னைக் கண்டு முகமலர்ந்து ஸலாம் சொன்னார். ஒரு வார்த்தையும் குறை கூறவில்லை. அதுவே என் நெஞ்சில் பாரமாக இருந்து வருகிறது.

சென்ற ஆண்டு மற்றோர் இளைஞர் இஷா தொழுகைக்குப் பின் வந்து அதே சொல்லைச் சொன்னார். பி.சி.ஏ. முதலாண்டு, கணிதத்தில் அரியர், கல்லூரியை விட்டு நிற்கப் போவதாகச் சொன்னார். இம்முறை நான் வாய் திறக்கவில்லை. "புத்தகத்தைக் கொண்டு வாருங்கள் தம்பி, நானும் பார்க்கிறேன்" என்றேன். ஆங்கில எழுத்துகளைத் தட்டுத் தடுமாறிப் படிக்கும் நான், அவர் சொல்லச் சொல்லக் கேட்டு, அவரோடு சேர்ந்து அந்தப் பாடத்தைப் படித்தேன்.

இது எந்தக் கணிதம்?

அமெரிக்கக் கல்லூரிகளில் இதனை 'பைனைட் மேதமேடிக்ஸ்' என்கிறார்கள். முடிவுறு கணிதம் என்று நாம் சொல்லலாம். முடிவில்லாமல் நுணுகிச் செல்லும் நுண்கணிதம் இதில் இல்லை. எண்ணி முடிக்கக்கூடியவற்றைப் பற்றியதே இப்பாடம். டார்ட்மவுத் கல்லூரியின் பேராசிரியர்களான கெமனி, ஸ்நெல், தாம்சன் ஆகிய மூவர் 1957 இல் இதற்கென ஒரு பாடநூலை வெளியிட்டனர். சமூகவியலும் உயிரியலும் படிக்கும் மாணவர்களுக்கும் பயன்படும் கணிதம் வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். அவர்களுள் கெமனி என்பவர் ஹங்கேரியிலிருந்து இளவயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். பின்னர் 1964 இல் கர்ட்ஸ் என்பவரோடு சேர்ந்து 'பேசிக்' எனும் கணினி மொழியை உருவாக்கியவர்.

நம் நாட்டில் இப்பாடம் பல பெயர்களில் வருகிறது. பி.காம். மாணவர்களுக்கு வணிகக் கணிதம், பி.சி.ஏ. மாணவர்களுக்குத் தனிநிலைக் கணிதம் என்ற பெயர்களில் இதன் பகுதிகள் வருகின்றன. கணம், தர்க்கம், வரிசை மாற்றமும் சேர்வும், நிகழ்தகவு, அணி, நேரியல் திட்டமிடல், வட்டிக் கணக்கு ஆகியவை இதன் அதிகாரங்கள். பெயர்கள்தாம் அச்சுறுத்துகின்றன, பொருள் நாம் அன்றாடம் கையாள்வதே.

எடுத்துக்காட்டாக, நம் பிள்ளைகளில் 32 பேர் குர்ஆன் மக்தபுக்கும், 27 பேர் மாலை டியூஷனுக்கும், 19 பேர் இரண்டுக்கும் செல்வதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் எத்தனை பிள்ளைகள்? 59 என்று சொன்னால் 19 பேரை இருமுறை எண்ணியவர்களாவோம். 59 இலிருந்து 19 ஐக் கழித்தால் 40. இதுவே கணங்களின் பாடம். செயலாளர் அவர்கள் சற்று முன் வாசித்த வரவு செலவுக் கணக்கில் மாதங்கள் கீழ்நோக்கியும் இனங்கள் குறுக்காகவும் இருந்தனவே, அந்தக் கட்டத்தைக் கணிதத்தில் அணி என்கிறார்கள்.

மதரஸாவில் கற்ற கணக்கு

அந்தப் புத்தகத்தைப் புரட்டியபோது எனக்கு வியப்பாக இருந்தது. இதில் ஒரு பகுதியை நான் அரபி மதரஸாவில் ஃபராயிள் பாடத்தில், ஸிராஜி கிதாபை மடியில் வைத்துக்கொண்டு படித்திருக்கிறேன்.

ஒருவர் தம் மனைவி, தாய், இரு மகன்கள், ஒரு மகள் ஆகியோரை விட்டு மறைகிறார். கடனும் வஸிய்யத்தும் தீர்ந்த பின், மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று. எஞ்சியது பிள்ளைகளுக்கு, மகனுக்கு இரண்டு மகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில். எட்டுக்கும் ஆறுக்கும் பொது எண் 24. மனைவிக்கு 3, தாய்க்கு 4, எஞ்சியது 17. பிள்ளைகளின் பங்குகள் ஐந்து. 17 ஐ ஐந்தால் மீதியின்றி வகுக்க முடியாது. எனவே 24 ஐ ஐந்தால் பெருக்கி 120 ஆக்குகிறோம். மனைவிக்கு 15, தாய்க்கு 20, மகன் ஒவ்வொருவருக்கும் 34, மகளுக்கு 17. கூட்டிப் பாருங்கள், 120 சரியாக வரும். இதனையே நாங்கள் 'தஸ்ஹீஹ்' என்கிறோம். அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12, 176 ஆம் வசனங்கள் விதித்த பங்குகளைப் பிசகின்றிப் பிரிக்க ஆலிம்களுக்குக் கணக்குத் தேவைப்பட்டது. ஏறத்தாழ 820 ஆம் ஆண்டளவில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய அல்ஜீப்ரா நூலின் பாதியளவு வஸிய்யத்து, வாரிசுப் பங்குக் கணக்குகளே. அல்ஜீப்ரா என்ற சொல் அந்நூலின் தலைப்பிலுள்ள 'அல்-ஜப்ர்' என்பதிலிருந்தும், கணினித் துறையில் வழங்கும் 'அல்காரிதம்' என்ற சொல் அவர் பெயரிலிருந்தும் வந்தவை.

எட்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த இமாம் கலீல் பின் அஹ்மது (ரஹ்) அவர்களை, நஹ்வு படித்த ஒவ்வொருவரும் அறிவர். அரபு மொழியின் சொற்கள் அனைத்தையும் திரட்டி 'கிதாபுல் ஐன்' எனும் அகராதியை அமைக்க அவர் எண்ணினார். 28 எழுத்துகளில், வந்த எழுத்து மீண்டும் வராமல், மூன்றெழுத்துச் சேர்க்கைகள் எத்தனை அமையும்? முதலிடத்துக்கு 28, அடுத்ததற்கு 27, மூன்றாவதற்கு 26. பெருக்கினால் 19,656. மூன்று எழுத்துகளை ஆறு விதமாக இடம் மாற்றலாம் என்பதால், அந்த ஆறையும் ஒரே இடத்தில் வைத்தே அகராதியை வகுத்தார். நம் பி.சி.ஏ. மாணவர் வரிசை மாற்றம் என்று படிப்பது இதுவே.

ஆனால் சகோதரர்களே, முன்னோர் பெருமை பேசித் தேர்வில் தேற இயலாது. அவர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். நாமும் உட்கார்ந்து எண்ண வேண்டும்.

மாணவர் தடுமாறும் இடம்

அந்தத் தம்பி அதிகம் தடுமாறியது வரிசை மாற்றத்துக்கும் சேர்வுக்கும் உள்ள வேறுபாட்டில். நம் ஜமாஅத்தைக் கொண்டே அதை விளக்கிக்கொண்டோம். பத்து உறுப்பினரிலிருந்து தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரைத் தேர்ந்தெடுக்க எத்தனை வழிகள்? 10, 9, 8 ஆகியவற்றைப் பெருக்கினால் 720. அதே பத்துப் பேரிலிருந்து பதவி வேறுபாடற்ற மூவர் கல்விக் குழு என்றால்? அதே மூவர் ஆறு முறை எண்ணப்பட்டு விட்டதால் ஆறால் வகுத்து 120. பதவி உண்டா, இல்லையா என்று கேட்டால் போதும், வழி தெரிந்துவிடும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மராக்கிஷ் நகரில் இப்னு முன்இம் (ரஹ்) பத்து நிறப் பட்டு நூல்களைக் கொண்டு இதே கணக்கைத்தான் விளக்கினார்.

வட்டியும் சூதாட்டமும் பாடத்தில் வருகின்றனவே?

இக்கேள்வியை ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. வட்டி வாங்குவதும் கொடுப்பதும் ஹராம். அதன் கணக்கை அறிவது ஹராமன்று. அறியாதிருப்பதே நம் மக்களைக் கெடுத்திருக்கிறது. 10,000 ரூபாய் கடன், நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டி. கட்டாத வட்டி முதலோடு சேர்ந்துகொண்டே போனால் 12 மாதத்தில் கடன் ஏறத்தாழ 17,959 ரூபாய். 24 மாதத்தில் ஏறத்தாழ 32,251 ரூபாய். வலைக்கும் என்ஜினுக்கும் அவசரக் கடன் வாங்கும் கடற்கரையூரில், கையெழுத்திடும் முன் இதைப் போட்டுக் காட்ட வீட்டுக்கு ஒரு பிள்ளை இருந்தால் போதாதா?

நிகழ்தகவும் அவ்வாறே. 1654 இல் பாஸ்கல், ஃபெர்மா எனும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் சூதாட்டக் கேள்வி ஒன்றைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டதிலிருந்து அது வளர்ந்தது மெய்யே. ஆனால் அக்கணிதமே சூதை அம்பலப்படுத்துகிறது. ஒரு லட்சம் சீட்டு, சீட்டு 50 ரூபாய், வசூல் 50 லட்சம், பரிசு மொத்தம் 20 லட்சம் என்று கொள்வோம். 50 ரூபாய் கொடுத்தவர் கையில் இருப்பது சராசரியாக 20 ரூபாய் மதிப்புள்ள தாளே. கைப்பேசியில் ரம்மி ஆடும் பிள்ளைக்கு ஹராம் என்று சொல்லுங்கள். அதோடு இந்தக் கணக்கையும் காட்டுங்கள்.

மாணவச் செல்வங்களுக்கு

சில சொற்கள். இப்பாடத்தின் அதிகாரங்கள் பெரும்பாலும் ஒன்றை ஒன்று சாராதவை. அணியில் தவறியவர், எண்ணும் முறையைப் புதிதாகத் தொடங்கலாம். நிகழ்தகவுக்கு மட்டும் எண்ணும் முறை முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டும். பின்னமும் சதவீதமும் உறுதியாக இல்லையெனில் முதல் வாரத்திலேயே அவற்றைச் சரிசெய்துகொள்ளுங்கள். தமிழ்வழியில் பயின்றவர்கள் தமிழ்நாட்டு அரசின் மேல்நிலை வகுப்பு வணிகக் கணித நூலைத் தமிழில் அருகே வைத்துக்கொண்டு ஆங்கில நூலைப் படியுங்கள். கேள்வியை முதலில் உங்கள் சொல்லில் சொல்லிப் பாருங்கள். வாசிப்பதால் கணக்கு வராது. கையால் போட வேண்டும். கல்லூரியை விட்டவர்களுக்கும் வழி அடைபடவில்லை. 'ஸ்வயம்' தளத்தில் பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். சென்னை ஐ.ஐ.டி. 2020 இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப் படிப்பில் அடித்தள நிலையிலேயே கணிதமும் புள்ளியியலும் இருக்கின்றன.

ஜமாஅத்தாரிடம் ஒரு வேண்டுகோள்

இன்று நாம் உதவித்தொகை வழங்குகிறோம். அல்லாஹ் கபூல் செய்வானாக! ஆனால் பணம் கட்டிய பிள்ளை கணக்கில் தவறி நின்றுவிட்டால் அப்பணமும் நின்றுவிடுகிறது. ஆகவே வாரம் மூன்று நாள், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே மதரஸா அறையைக் கல்லூரி மாணவர்களுக்குத் திறந்து தாருங்கள். தேறியவர்கள் தேறாதவர்களுக்குச் சொல்லித் தரட்டும். மாணவியருக்கு அஸருக்குப் பின் தனி நேரம் அமைய வேண்டும்; கல்லூரி முடித்த சகோதரியர் பொறுப்பேற்க வேண்டும்.

அந்த இரண்டாம் தம்பி மறுதேர்வு எழுதினார். முதன்முறை மீண்டும் தவறினார். அடுத்த முறை தேறினார். பெரிய மதிப்பெண் அல்ல. ஆனால் இன்று அவர் இரண்டாமாண்டு மாணவராக இந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார். முதலாமவரை நான் திரும்ப அழைக்க இயலாது. அவருடைய தம்பி இவ்வாண்டு கல்லூரியில் சேர்கிறார் என்று அறிகிறேன். அறை திறக்கும் நாளில் அவருக்காக முதல் பாயை நானே விரிப்பேன், இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதில் பொறுமையையும் தந்தருள்வாயாக! அவர்களுக்கு நாங்கள் சொல்லும் சொல்லில் தவறு நேராமல் காத்தருள்வாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.