லித்தியமும் நிலத்தடி நீரும்



எங்கள் பாலவனத்தம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டில் கண்மாய் வற்றுவதை எல்லோரும் காண்கிறோம். கிணற்றில் ஊற்று இறங்குவதோ மெல்லத்தான் தெரியவரும். மண்ணுக்கடியில் நேரும் இழப்பு அத்தகையது. இதனை மனத்திற் கொண்டு, லித்தியம் என்னும் உலோகத்தைப் பற்றி இன்று சிந்திப்போம்.

கைப்பேசியையும் மின்சார ஸ்கூட்டரையும் இயக்குவது லித்திய மின்கலம். புகையில்லாத வண்டி நல்லதே. ஆயினும் அதற்குரிய உலோகம் எவ்வாறு எடுக்கப்படுகிறது என்று கேட்பது நம் கடமையாகும்.

முறைகள் மூன்று உள்ளன. முதலாவது, பாறையை வெட்டுதல். ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் சுரங்கத்தில் ஸ்போடுமீன் என்னும் கனிமம் கிடைக்கிறது. அதனை ஆலையில் ஏறத்தாழ 1,050 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வறுத்து, கந்தக அமிலம் சேர்த்துப் பிரிக்கிறார்கள். இதற்கு எரிபொருள் மிகுதியாகச் செலவாகிறது, கழிவும் பெருகுகிறது.

இரண்டாவது முறை, தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்தவர்க்கு எளிதில் விளங்கும். சிலி, அர்ஜென்டினா நாடுகளின் வறண்ட மேட்டுநிலங்களில், பூமிக்கடியிலுள்ள உவர்நீரை இறைத்துப் பாத்திகளில் பல மாதங்கள் காயவிடுகிறார்கள். வெயிலே வேலை செய்வதால் எரிபொருள் குறைவு. ஆனால் கடலோர அளத்துக்குக் கடல் துணை உண்டு. பாலையில் இறைத்த நீரை ஈடுசெய்யப் போதிய மழை இல்லை. உவர்நீர் மட்டம் தாழ்ந்தால், அருகிலுள்ள நன்னீரும் அதனை நோக்கி நகரக்கூடும்.

மூன்றாவது, உவர்நீரிலிருந்து லித்தியத்தை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதியைப் பூமிக்குள் திருப்பி விடுதல். இதற்குச் சிறிதளவு நிலமே போதும். எனினும் மின்சாரம் வேண்டும், சில வகைகளுக்கு நன்னீரும் மிகுதியாக வேண்டும்.

இஃது அயலார் கதையன்று. 2023 பிப்ரவரியில், ஜம்முவின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியக் கனிமவளம் இருக்கலாமென அரசு அறிவித்தது. 2024 ஜனவரியில், காபில் என்னும் இந்தியப் பொதுத்துறைக் கூட்டு நிறுவனம், அர்ஜென்டினாவின் கட்டமார்க்கா மாகாணத்தில் 15,703 ஹெக்டேர் பரப்பில் லித்தியம் தேட உடன்படிக்கை செய்துகொண்டது. அதே மாகாணத்தில், பல ஆண்டுகளாக லித்தியப் பணிக்கு நீர் கொடுத்த திராபிச்சே ஆற்றின் பசும்புல்வெளி காய்ந்துபோயிற்று. பழங்குடித் தலைவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். அனைத்துச் சுரங்கங்களின் விளைவையும் சேர்த்து ஆராயும் வரை, லாஸ் பத்தோஸ் ஆற்றுப் பகுதியில் புதிய அனுமதி வழங்கலாகாதென 2024 மார்ச்சில் மாகாண உயர்மன்றம் ஆணையிட்டது.

ஆகவே, செலவில்லாத முறை எதுவுமில்லை. எந்த ஊரில் எது அரிதோ அதனையே முதற்செலவாக எழுதவேண்டும். வேலை தொடங்குமுன் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து ஊராரிடம் கொடுத்தல் வேண்டும். அளவில்லாவிட்டால், பின்னர் நேரும் இழப்பை அவர்கள் எதைக்கொண்டு மெய்ப்பிப்பார்கள்?

நம் பங்கும் ஒன்றுண்டு. பழைய மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை, 2022ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் உற்பத்தியாளர் மேல் சுமத்தியுள்ளன. பழைய கைப்பேசியைக் குப்பையில் எறியாமல் அவர்களிடம் சேர்ப்பியுங்கள். மீட்டெடுக்கும் ஒவ்வொரு பங்கு லித்தியத்துக்கும் அந்த அளவு புதிதாய்த் தோண்டவேண்டியதில்லை. கிணற்றின் அருமை அறிந்த ஊரார் நாம். தொலைதூரத்து ஊரின் நீரையும் அவ்வாறே மதிப்போமாக.