எல் போர்டு



கார் ஓட்டப் பழகும்போது முதலில் நம்மைத் தடுமாற வைப்பது கிளட்ச். காலைச் சட்டென்று எடுத்தால் வண்டி குலுங்கி நின்றுவிடும். மெதுவாக எடுக்க வேண்டும். வண்டி நகரத் தொடங்கும் இடத்தில் காலைச் சற்றே தாமதிக்க வேண்டும். பலமுறை வண்டி நின்ற பிறகே கால் இதைக் கற்றுக்கொள்கிறது. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் ஆன பிறகே ஓட்டுநர் உரிமத் தேர்வு. தவறித் தவறிப் பழகச் சட்டமே நமக்கு அவகாசம் தருகிறது.

ஆனால் சிக்னலில் எல் போர்டு வண்டி நின்றுவிட்டால், பின்னால் இருக்கும் நாம் ஹாரன் அடிக்கிறோம். பதற்றத்தில் அவர் காலைச் சட்டென்று எடுக்கிறார். வண்டி மறுபடியும் நின்றுவிடுகிறது.

பல ஆண்டுகள் கழித்து ஒருவர் திருப்பலிக்கு வருகிறார். எப்போது எழுவது, எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாமல் தடுமாறுகிறார். நாம் திரும்பிப் பார்க்கிறோம். அந்தப் பார்வையும் ஹாரன்தான். அடுத்த ஞாயிறு அவர் வராமலே போய்விடலாம்.

மும்முறை மறுதலித்த பேதுருவை ஆண்டவர் விரட்டவில்லை. தம்மை அன்பு செய்கிறாயா என்று மும்முறை கேட்டார். தம் மந்தையையே அவரிடம் ஒப்படைத்தார்.

நாமும் ஒருநாள் எல் போர்டு மாட்டியவர்களே. இந்த வாரம் ஹாரனிலிருந்து கையை எடுப்போம். ஆமென்.