என் போனுக்கு வந்த பைல்



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. போன் ஏமாற்று பற்றிப் பேசு என்று செயலாளர் அக்கா சொன்னதும், "காலேஜ் படிச்ச பிள்ளை யாரையாவது கூப்பிடுங்கக்கா" என்றேன். "ஏமாந்தது நீதானே, நீயே பேசு" என்றார்கள். அதுவும் சரிதான்.

நான் எங்கள் குழுவின் பிரதிநிதி. 12 பேர் இருக்கிறோம். பேங்க் கடனுக்கு மாதம் ஆளுக்கு 2,000, மொத்தம் 24,000 கட்டணும். பேங்குக்குப் போனால் அரை நாள் வேலை கெட்டுவிடும் என்று எல்லோரும் என் நம்பருக்கே பணத்தைப் போட்டுவிடுவார்கள். நான் சேர்த்துக் கட்டுவேன். குழுப் பணத்தைத் தனி ஆள் கணக்கில் வைக்கக் கூடாது என்று பயிற்சியிலேயே சொன்னார்கள். நாங்கள் வசதியைத்தான் பார்த்தோம்.

போன வருஷம் தை மாதம், அறுப்பு சமயம். சித்தி மகன் நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பைல் வந்தது. பி.எம். கிசான் என்று பெயர், பக்கத்தில் ஏ.பி.கே. என்று மூன்று இங்கிலீஷ் எழுத்து. இ-கேஒய்சி முடிக்காவிட்டால் 2,000 ரூபாய் தவணை நின்றுவிடும் என்று கீழே எழுதியிருந்தது. அனுப்பியது சொந்தத் தம்பி, அதனால் சந்தேகமே வரவில்லை. அவன் அனுப்பவே இல்லை, அவன் போனில் புகுந்தது தானாக அனுப்பியது என்பது பிறகுதான் தெரிந்தது.

தொட்டேன். தெரியாத இடத்திலிருந்து வரும் ஆப்பை ஏற்ற அனுமதி இல்லை என்று போனே தடுத்தது. பொய் சொல்லக் கூடாது, அது தடுத்தது. நான்தான் செட்டிங்ஸில் போய் அந்தப் பட்டனைத் தள்ளிவிட்டேன். அடுத்து மெசேஜைப் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தேன். ஆதார் நம்பர், ஏடிஎம் கார்டு நம்பர், கடைசியில் பின் நம்பர்கூடக் கேட்டது. எல்லாம் போட்டேன். சர்வர் பிஸி என்று வந்தது. சரி, நாளைக்குப் பார்ப்போம் என்று மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டேன்.

மறுநாள் தவணை கட்டப் பார்த்தால் கணக்கில் 150 ரூபாய். குழுப் பணம் 24,000, என் பால் பணம் 3,150, அதில் 10,000, 10,000, 7,000 என்று மூன்று தடவையாகப் போயிருந்தது. ஒரு மெசேஜ்கூட என் கண்ணில் படவில்லை. பேங்க் அனுப்பிய ஓடிபி எல்லாம் அந்த ஆப் வழியாகத் திருடனுக்குப் போய்விட்டது. என் கண்ணில் படாமல் அதுவே மறைத்தும் விட்டது.

நான் செய்த பெரிய தப்பு அதற்குப் பிறகுதான். ஒன்றரை நாள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. குழுப் பணத்தைத் தின்னுட்டாள் என்று சொல்வார்களே என்ற பயம். சோறு இறங்கவில்லை. அந்த ஒன்றரை நாளில் என் போன் அதே பைலை எங்கள் குழுவில் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறது. இரண்டு பேர் திறந்துவிட்டார்கள். ஒரு அக்காவுக்குக் கணக்கில் பணம் இல்லை, தப்பித்தார். இன்னொருத்திக்கு நூறுநாள் வேலைக் கூலி போய்விட்டது. "உன் பேரைப் பார்த்துத்தான் திறந்தேன்" என்றாள். இன்றைக்கும் அவள் முகத்தை நேராகப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

பிறகுதான் 1930க்குப் போன் போட்டேன். சைபர் மோசடிக்கு அரசாங்கம் வைத்திருக்கும் நம்பர். எழுதிக்கொள்ளுங்கள், 1930. பணம் திருடன் கணக்கிலிருந்து வேறு கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வழி உண்டு. நான் சொன்ன நேரத்துக்கு 7,000 மட்டும் நின்றது, அதுவும் பல மாதம் கழித்துத்தான் கைக்கு வந்தது. உடனே சொல்லியிருந்தால் இன்னும் நின்றிருக்கலாம்.

உங்களுக்கு இப்படி ஆனால் முதலில் போனில் நெட்டை அணைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் போனை வாங்கி 1930க்கும் பேங்குக்கும் சொல்லி, கார்டை நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் பேரில் பைல் வந்தால் திறக்காதே என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் அந்தப் போனிலிருந்தே சொல்லிவிடுங்கள். ஆப்பை நீக்கலாம் என்று தேடினால் படமே தெரியாது, ஒளிந்துகொள்ளும். செட்டிங்ஸில் உள்ள ஆப் பட்டியலில்தான் நான் அதைக் கண்டேன். அப்புறமும் மனசு கேட்காமல், போனையே முழுசாக அழித்து, புதுசு போல ஆக்கி வாங்கினேன். பிள்ளைகளின் பழைய போட்டோ கொஞ்சம் போய்விட்டது.

எந்த ஆப் வேண்டுமென்றாலும் பிளே ஸ்டோரில் தேடி எடுங்கள். அதிலும் யார் போட்டது என்று பாருங்கள். கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதம், பேங்க் கேஒய்சி என்று எந்தப் பெயரில் வந்தாலும், கடைசியில் ஏ.பி.கே. இருந்தால் தொடாதீர்கள். அனுப்பியவருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள், காசா பணமா! பிள்ளைகள் கையில் போன் இருக்கும்போதும் ஒரு கண் வையுங்கள். புதுப் படம், காசில்லாத கேம் என்று கண்ட இடத்தில் இறக்குவதும் இதே கதைதான். கார்டு நம்பர் போட்டிருப்பது அந்தப் போனில்தானே.

கூட்டத்தில் நான் எழுந்து சொன்னபோது ஒரு பாட்டி மட்டும் கோபமாகப் பேசினார். அவர் கோபம் நியாயம். தவணை தவறினால் குழுவுக்கே கெட்ட பேர் என்று, சேமிப்பிலிருந்து எடுத்து அந்த மாதம் கட்டினார்கள். இனி அவரவர் பணத்தை நேராகக் குழுக் கணக்கில்தான் போடணும் என்று தீர்மான நோட்டில் எழுதி, 12 பேரும் கையெழுத்துப் போட்டோம். திரும்பி வந்த 7,000 போக மீதி 17,000ஐ மாதம் 1,000 வீதம் நான் குழுவுக்குக் கட்டி வருகிறேன். இன்னும் 4 மாதம் பாக்கி இருக்கிறது.