வராத பிள்ளையின் கணக்கு



எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தந்த வாத்தியாரின் நினைவு நாளில் பள்ளிக்கூடத்தைப் பற்றியே பேசுகிறோம்.

காலனிப் பிள்ளைகள் ஒழுங்காக வருவதில்லை என்று வருகைப் பதிவேட்டைக் காட்டினார்கள். வீடு வீடாகப் போனோம். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி திங்கட்கிழமைதோறும் வரவில்லை. காய்ச்சல் என்றார் அம்மா. மூன்றாம் முறை போனபோதுதான் வாய் திறந்தார்: திங்கட்கிழமை கக்கூஸ் கழுவும் முறை அவளுக்காம். ஊர்த்தெருப் பிள்ளைகளுக்கு அந்த முறை வருவதே இல்லை.

பசியால் பிள்ளை வராது என்பதை அரசு எப்போதோ ஒத்துக்கொண்டது. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. 2022இல் காலை உணவும் வந்தது. நல்லதுதான். சோறு போட்ட இடத்திலேயே துடைப்பத்தையும் நீட்டினால் எந்தப் பிள்ளை வரும்?

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். எங்கள் தாய்மார் இருவர் அதில் உட்கார்ந்து, தீர்மானப் புத்தகத்தில் இதை எழுத வைத்தார்கள். எழுதியபின் துப்புரவுக்கு ஆள் வந்தது. அந்தச் சிறுமியும் வருகிறாள்.

அட்வான்ஸ் வாங்கிய பெற்றோரோடு தை மாதம் செங்கல் சூளைக்குப் போன மூன்று பிள்ளைகளைத்தான் இன்னும் எங்களால் திருப்பிக் கூட்டிவர முடியவில்லை.