உள்ளேன் ஐயா!



"வேகத்தைக் குறைக்கத் தேவை சட்டமல்ல, மனமாற்றமே" என்று எதிரணித் தலைவர் உருகி உருகிப் பேசினார். கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் இங்கே வரும்போது அவர் காரில்தான் நானும் வந்தேன். (சிரிப்பு) நெடுஞ்சாலையில் எதிரே வந்த லாரிக்காரர் ஹெட்லைட்டை ரெண்டு தடவை அடிச்சுக் காட்டினார். முன்னால போலீஸ் நிக்குதுன்னு அர்த்தம். உடனே நம்ம தலைவர், "தம்பி, மெதுவாப் போ" என்றார். போலீஸைத் தாண்டியதும், "இப்ப விடு" என்றார். ஐயா, அந்த ஒரு கிலோமீட்டருக்கு வந்தது மனமாற்றமா, சட்டமா? (கைதட்டல்)

1988-இல் வந்த மோட்டார் வாகனச் சட்டத்தில், அதிவேகத்துக்கு முதல் முறை அபராதம் அதிகபட்சம் 400 ரூபாய். 2019 திருத்தத்தில் கார் போன்ற வாகனங்களுக்கு அது 1,000 முதல் 2,000 ரூபாய் ஆனது. இருந்தும் 2022-இல் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 71 சாவு அதிவேகத்தால் என்கிறது மத்திய அரசின் கணக்கு.

"அப்ப சட்டம் தோத்துப் போச்சே" என்பீர்கள். இல்லை ஐயா, புத்தகத்தில் தூங்குகிற சட்டம் தோற்றது. சாலையில் விழித்து நிற்கிற சட்டம் உங்க காரையே நிதானமாக்கியதே! வேகம் ரெண்டு மடங்கானால் மோதும் சக்தி நாலு மடங்கு. அந்தக் கணக்கு யார் சிபாரிசுக்கும் குறையாது.

நான் வகுப்பில் பெயர் வாசிக்கிற வாத்தியார். ஒரு திங்கட்கிழமை ஒரு பெயரை வாசித்தேன். "உள்ளேன் ஐயா" என்ற குரல் வரலை. மறுபடி வாசித்தேன். பக்கத்துப் பையன் எழுந்து நின்று அழுதான்.

அவன் வேகமாப் போனவன் இல்லை. சாலையோரம் சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன். வந்தவன் மனசு மாறுகிற வரைக்கும் அவனால் காத்திருக்க முடியலையே ஐயா!

மனம் மாறட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாறுகிற வரைக்கும் நம்ம பிள்ளைகள் "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டுமானால், சாலையில் சட்டம் விழித்திருக்க வேண்டும் என்று கூறி அமர்கிறேன்.